பக்கவாதம் வந்த பூனை பாதித் தட்டை ஏன் மிச்சம் வைக்கிறது?

கேள்வி: எங்கள் மீனுவுக்கு 16 வயது. இரண்டு வாரத்துக்கு முன் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் தரையில் சரிந்து கிடந்தாள். மருத்துவர் பார்த்துவிட்டுப் பக்கவாதம் என்றார். ரத்த அழுத்தம் 200-ஐத் தாண்டியிருக்கிறது, சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இப்போது எழுந்து நடக்கிறாள். ஆனால் வலப்பக்கமாகவே வட்டமடிக்கிறாள். இடப்பக்கம் இருக்கும் நாற்காலிக் காலில் முட்டிக்கொள்கிறாள். தட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை அப்படியே விட்டுப் போகிறாள். படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. தெம்புக்காகச் சிரிஞ்சில் பால் ஊற்றினால் இருமுகிறாள். நடக்கத் தொடங்கிவிட்டதால் மாத்திரையை நிறுத்தலாமா? என் கணவர் இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினில் கால் துண்டு கொடுக்கலாமா? பழையபடி ஜன்னல் திட்டில் ஏறப் பார்க்கிறாள், விடலாமா? இப்படி வைத்திருப்பது அவளுக்குக் கொடுமையோ என்று வேறு மனசு அடித்துக்கொள்கிறது.

பதில்: அவசரமான மூன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சிரிஞ்சில் பால் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். காரணங்களுக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன் அந்தப் பாதித் தட்டு. உங்கள் கடிதத்தில் நோயைப் பற்றி அதிகம் சொல்வது அதுதான்.

மீனுவுக்குப் பசி குறையவில்லை. அவள் மிச்சம் வைப்பது தட்டின் இடது பாதியாக இருக்கும், பாருங்கள். மூளையின் வலது பாதியில் அடி விழுந்தால் பூனை வலப்பக்கமாகச் சுற்றும். இடப்பக்கத்தில் இருப்பது அதன் பார்வையிலும் கவனத்திலும் பதியாது. கண் நன்றாக இருந்தாலும் மூளைக்கு அந்தப் பக்கம் இல்லாதது போலத்தான். நாற்காலிக் காலில் முட்டுவதும் இதனால்தான். வைத்தியம் மிக எளிது: அவள் விலகியதும் தட்டைப் பாதி சுற்று திருப்பி வையுங்கள். மிச்சமிருந்தது வலப்பக்கம் வந்துவிடும், தின்பாள். தண்ணீர்க் கிண்ணத்தை அவள் படுக்கும்போது வலப்பக்கம் வரும்படி வையுங்கள். தொடப் போகும்போதும் வலப்பக்கமாகவே, பேசிக்கொண்டே போங்கள். இடப்பக்கமிருந்து திடீரென்று கை வந்தால் திடுக்கிட்டுக் கடிப்பாள், பிறகு அவளுக்குக் குணம் மாறிவிட்டது என்று நீங்கள் வருத்தப்படுவீர்கள்.

இது பெரும்பாலும் தேறும். மனிதர்களுக்கு வருவது போல ஒரு கை ஒரு கால் விழுந்து மாதக்கணக்கில் படுப்பது பூனைகளிடம் குறைவு. நடையை நடத்துவதில் பூனைக்கு மூளைத்தண்டின் பங்கு பெரிது. அதனால் மேல்மூளையில் அடி விழுந்தாலும் சில நாளில் எழுந்து நடந்துவிடும். முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் சில வாரங்களுக்குள்ளேயே தெரியும். லேசான சுற்றலும் ஒருபக்க மறதியும் மிஞ்சலாம், அதோடு நன்றாகவே வாழும். மூளையைப் பழுதுபார்ப்பது உங்கள் வேலையில்லை, அது தன் போக்கில் தேறும். உங்கள் கையில் இருப்பது வாய், சிறுநீர்ப்பை, தோல் இந்த மூன்றும்தான். என்னிடம் முன்பு கொண்டுவந்த ஒரு பூனையின் வீட்டில் எல்லோரும் அது நடக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடந்தது. ஐந்து நாளாக அது ஒரு வாய்கூடத் தின்னவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. வந்தபோது காதின் உட்புறம் மஞ்சளாக இருந்தது.

பூனையின் ஈரல் பட்டினியைத் தாங்காது. இரண்டு மூன்று நாள் வயிறு காய்ந்தாலே உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து அதை அடைத்துவிடும். குண்டான பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஆகவே ஒரு முழு நாள் எதுவும் தின்னாவிட்டால் மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளாதீர்கள். உணவை அவள் உடம்புச் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரி செல்சியஸ் அளவுக்கு, வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும். வயதான பூனை நாக்கைவிட மூக்கால்தான் சாப்பிடுகிறது. தட்டையான தட்டில், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் வையுங்கள். ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கு அது ரொம்ப நல்லது. இன்னும் ஒன்றிரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீரும் கலக்கலாம். சிறுநீரகத்துக்கான தனி உணவுக்கு மாற்றச் சொல்லியிருந்தால் மெதுவாக மாற்றுங்கள். அதைத் தொடாமல் பட்டினி கிடப்பதைவிடப் பழைய உணவைத் தின்பதே இப்போதைக்கு மேல். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 4 கிலோ பூனையில் 200 கிராம் குறைவது 60 கிலோ மனிதர் 3 கிலோ இளைத்ததற்குச் சமம்.

சரி, பால் விஷயம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். அதைவிடப் பெரிய ஆபத்து அந்த இருமல். பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் தசை தடுமாறும்போது தண்ணீர் போன்ற திரவம் நேராக மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். ஏற்கெனவே இருமியிருக்கிறாள் என்பதால் ஒருமுறை நெஞ்சைப் பரிசோதித்துவிடுங்கள். அவள் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். மறுபடி மறுபடி அதைத் தாண்டினால் உடனே கிளம்புங்கள். ஊட்டித்தான் ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், கூழ் பதத்தில் உள்ளதை, அவள் நெஞ்சு தரையில் படும்படி, பக்கவாட்டில் சாயாமல், தலை நேராக வைத்துப் படுத்திருக்கும்போது, கடைவாய் ஓரமாக 1 மில்லி கொடுத்து, விழுங்கிய பிறகே அடுத்த 1 மில்லி. தலையை அண்ணாக்கவே கூடாது. சாய்ந்து படுத்திருக்கும் பூனைக்கு எதையும் ஊட்டக் கூடாது.

அடுத்து சிறுநீர். படுத்த இடத்தில் ஈரம் என்றாலே கட்டுப்பாடு போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். பல நேரம் மணல் தட்டு தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். சிறுநீரகம் தளர்ந்த பூனைக்குச் சிறுநீர் அதிகம், எழுந்து போக நேரமும் அதிகம், நடுவில் போய்விடுகிறது. மணல் தட்டைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. நுழையும் பக்கம் விளிம்பு மூன்று விரலுக்கு மேல் இருக்க வேண்டாம். ஈர ரோமத்தில் மணல் ஒட்டினால் கொஞ்ச நாளைக்கு உறிஞ்சும் விரிப்பு போதும்.

இன்னொரு வகைக் கசிவும் உண்டு. சிறுநீர்ப்பை நிரம்பித் ததும்பி, தூக்கும்போதும் திரும்பும்போதும் சொட்டுவது. அடிவயிற்றில் பந்து போலக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் இந்த வகையாக இருக்கலாம். நீங்களாக அழுத்திப் பார்க்காதீர்கள், பை கிழிந்துவிடும். அழுத்தி வெளியேற்றும் முறையை மருத்துவர் உங்கள் கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டும். முக்கியும் சிறுநீரே வராமல் தவித்தால் நள்ளிரவானாலும் கொண்டுபோங்கள். சிறுநீரகம் தளர்ந்த கிழப்பூனைகளுக்குச் சிறுநீர்த் தொற்றும் எளிதில் வரும், ஒரு பரிசோதனை செய்துவிடுவது நல்லது. மலம் மூன்று நாள் போகாவிட்டாலும் சொல்லுங்கள்.

டயப்பர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஈரத்தை வெளியே தெரியாமல் மறைக்கும், தோல் உள்ளே வெந்துகொண்டிருக்கும். பின்தொடை ரோமத்தைக் கத்தரித்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஒற்றி உலர்த்துங்கள். தேய்க்க வேண்டாம். குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாகக் களிம்பைப் பூசாதீர்கள், நக்கிவிடுவாள், அது உள்ளே போனால் கெடுதல். மருத்துவர் தரும் களிம்பு மட்டும். அவள் இடப்பக்கத்தைத் தன்னைச் சுத்தம் செய்யும்போதும் மறந்துவிடுவாள், ஆகவே அந்தப் பக்கத்தை நீங்கள் தினமும் சீவிவிட வேண்டும். அது ஒரு வைத்தியமும்கூட, அந்தப் பாதி உடம்பை மூளைக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும் என்பது என் எண்ணம்.

உடற்பயிற்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. நடக்கும் பூனைக்குச் சாப்பாட்டுத் தட்டு வரை நடப்பதே போதும். தரை வழுக்காமல் விரிப்புப் போடுங்கள், வழுக்கும் தரைதான் பலவீனமான காலுக்கு முதல் எதிரி. நகத்தை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் விரிப்பில் மாட்டி விழுவாள். சாமான்களை இடம் மாற்றாதீர்கள். இரவில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும்.

இப்போது மாத்திரை. அது பக்கவாதத்துக்கான மருந்து இல்லை, பக்கவாதத்தைக் கொண்டுவந்த ரத்த அழுத்தத்துக்கானது. பூனைக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 160-ஐத் தாண்டினாலே அதிகம், 180-க்கு மேல் போனால் மூளை, கண், இதயம், சிறுநீரகம் நான்கும் அடிவாங்கும். மீனு நடக்கிறாள் என்பதால் அழுத்தம் இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. இறங்கியிருந்தால் அது மாத்திரையால்தான். நிறுத்தினால் மறுபடி ஏறும், அடுத்த அடி விழும். பெரும்பாலும் ஆயுளுக்கும் கொடுக்க வேண்டியது இது. மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் ஆகிவிட்டதால் அழுத்தத்தை மறுபடி பார்க்க வேண்டிய நேரமும் வந்துவிட்டது. பயந்த பூனைக்கு அளவு கூடித் தெரியும், எனவே கூடையைத் திறந்துவைத்து ஐந்து பத்து நிமிடம் அமைதியாக இருக்கவிட்டு அளக்கச் சொல்லுங்கள். அப்படியே விழித்திரையையும், இதுவரை பார்க்கவில்லை என்றால் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வயதான பூனைகளில் சிறுநீரகத்துக்கு அடுத்தபடி ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து வருவது தைராய்டு மிகுதிதான்.

ஆஸ்பிரினை ஏன் மறுக்கிறேன் என்றால், முதலில் இது அடைப்பா, கசிவா என்பது எம்.ஆர்.ஐ. போன்ற ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. 200-க்கு மேல் அழுத்தம் இருந்த மூளையில் ரத்தம் கசிந்திருந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எண்ணெய் ஊற்றியது போலாகும். இரண்டாவது, மனித உடம்பு சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும் ஆஸ்பிரினைப் பூனையின் ஈரலால் அப்படிச் சிதைக்க முடியாது, ஒரு நாளுக்கும் மேல் உடம்பிலேயே தங்கும். அடுத்த நாள் துண்டு அதன்மேல் சேரும். ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்துக்கு அது தாங்காது. இதோடு இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: காய்ச்சலுக்கு வீட்டில் வைத்திருக்கும் பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

வலிப்பு வந்து 5 நிமிடத்துக்குள் நிற்காவிட்டாலோ, ஒரே நாளில் இரண்டு முறை வந்தாலோ, கண்ணின் பாவை விரிந்தே இருந்து இரண்டு பக்கமும் முட்டத் தொடங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது. பின்னங்கால் இரண்டும் திடீரென்று விழுந்து, சில்லென்று ஆகி, பூனை வலியில் கத்தினால் அது மூளையில் வந்ததல்ல, காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை உறைந்த ரத்தக் கட்டி அடைத்தது. அதைப் பக்கவாதம் என்று நினைத்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கொடுமையா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இல்லை. ஆனால் என் வார்த்தையை நம்பி விட்டுவிடாதீர்கள், ஒரு நாட்காட்டியில் தினமும் குறியுங்கள்: விரும்பித் தின்றாளா, தானாக உங்களிடம் வந்தாளா, தன்னை நக்கிச் சுத்தம் செய்தாளா. மூன்றில் இரண்டு நடந்தால் நல்ல நாள். தொண்டைக்குள் 'கர்ர்' என்று முனகி உறவாடுவதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள், வலியிலும் பூனை அந்தச் சத்தம் எழுப்பும். முகத்தைப் பாருங்கள்: காது பக்கவாட்டில் சரிந்து, கண் இடுங்கி, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் வலி. கெட்ட நாட்கள் நல்ல நாட்களை மிஞ்சி இரண்டு வாரம் அப்படியே போனால் அந்த நாட்காட்டியோடு மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கருணைக்கொலை என்ற சொல்லை அவர் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே கேட்கலாம்.

ஜன்னல் திட்டில் ஏறப் பார்ப்பது நல்ல அறிகுறி. ஆனால் தனியாகத் தாவ விடாதீர்கள். ஏறுவது எப்படியோ நடந்துவிடும், இடப்பக்கம் வெறுமையாக இருப்பது தெரியாமல் இறங்கும்போதுதான் விழுவாள். அகலமான, ஆடாத இரண்டு படி வையுங்கள், படி அவளுக்கு வலப்பக்கம் வரும்படி. கீழே ஒரு மெத்தை. நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் ஜன்னல் திரையை விலக்குங்கள், மற்ற நேரத்தில் படியை எடுத்துவிடுங்கள்.