அந்த வெள்ளையைச் சுரண்ட வேண்டாம்

கேள்வி: பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்நேவில் இருக்கிறேன். சேன்-துவான் பழைய பொருள் சந்தையில் இரண்டு பேர் உட்காரும் சின்ன மெத்தைக் கதிரை ஒன்று வாங்கினேன். 1940-களின் சாமான் என்றார் விற்றவர். கைப்பிடி, கால் எல்லாம் ஓக் மரம், ஆனால் மரத்து வரிகளுக்குள் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பூஞ்சணம் பிடித்திருக்கு, தேய்த்து எடுத்துவிட்டு வார்னிஷ் அடிப்போம் என்கிறார் என் கணவர். எனக்கு மனம் வரவில்லை. இருக்கையும் நடுவில் குழிந்துபோயிருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, லா கூர்நேவ்

பதில்: உங்கள் மனம் சொன்னதுதான் சரி, சகோதரி. அவர் உப்புத்தாள் வாங்கி வைத்திருந்தால் முதலில் அதை எடுத்து ஒளித்துவிடுங்கள். அந்த வெள்ளை அழுக்கு இல்லை, அந்தக் கதிரையின் வேலைப்பாடே அதுதான். பிரெஞ்சில் 'ஷேன் செருஸே', அதாவது வெள்ளை ஏற்றிய ஓக் என்பார்கள். ஓக் மரத்தில் ஆண்டு வளையத்தை ஒட்டிப் பெரிய பெரிய துளைகள் இருக்கும், பித்தளைக் கம்பி பிரஷால் வரி ஓடும் திசையிலேயே அழுத்தித் தேய்த்தால் மென்மையான பகுதி உதிர்ந்து பள்ளம் விழும், அதில் வெள்ளைப் பசையைத் தேய்த்து ஏற்றிவிட்டு மேலே நிற்பதைத் துடைத்துவிடுவார்கள். திருநீறு பூசிவிட்டுக் கையைத் தட்டினாலும் உள்ளங்கை ரேகைக்குள் கொஞ்சம் வெள்ளை நின்றுவிடுமே, அதே மாதிரிதான். 1930-களில் பாரிசில் ழான்-மிஷேல் ஃபிராங்க் போன்ற வடிவமைப்பாளர்கள் விரும்பிக் கையாண்ட வேலை இது. ஆகவே விற்றவர் சொன்ன காலம் பொருந்தாத காலம் இல்லை.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு கைபேசி வெளிச்சத்தைக் கைப்பிடி மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். வெள்ளை பள்ளத்துக்குள் மட்டும், மயிரிழை மயிரிழையாக, வரியோடு ஓடினால் அது வேலைப்பாடு. பூஞ்சணம் வரியைப் பார்த்து வளராது, மேலே திட்டுத் திட்டாகப் படரும், ஈரத் துணியில் ஒட்டிக்கொண்டு வரும், மக்கிய வாடையும் அடிக்கும்.

தேய்க்க வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் பெரிய காரணம். 'செருஸ்' என்பது ஈய வெள்ளையின் பழைய பெயர். உங்கள் கதிரையில் இருப்பது ஈயமா வேறு வெள்ளையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிரான்சில் 1949-க்கு முன் கட்டிய வீட்டை விற்கும்போது ஈயப் பரிசோதனை அறிக்கை கேட்கிறார்களே, அதே கவனம் இதற்கும் வேண்டும். உலர்ந்தபடியே தேய்த்தால், அதில் ஈயம் இருந்தால், நச்சுத் தூசி வீடு முழுக்கப் பறக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கைப்பிடியைக் கடிக்க விடாதீர்கள், ஈயம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிடுங்கள். இப்போதைக்கு நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள், அப்புறம் நிறமில்லாத மெழுகு லேசாக. அது போதும். வார்னிஷ் வேண்டவே வேண்டாம். அப்படி வார்னிஷ் அடித்த ஒன்று என்னிடம் பழுதுக்கு வந்தது, வெள்ளைக் கோடெல்லாம் பழைய பல் மாதிரி மஞ்சளித்துப் போயிருந்தது, எவ்வளவு பாடுபட்டும் மீட்க முடியவில்லை.

இருக்கைக்கு வருவோம். கதிரையைக் கவிழ்த்து அடித்துணியை ஓரத்தில் மட்டும் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஸ்பிரிங்கில் குறை இருக்காது, அதைத் தாங்கும் சணல் பட்டைதான் தொய்ந்திருக்கும். பட்டையை மாற்றி ஸ்பிரிங்கைத் திரும்பக் கட்டினாலே இருக்கை நிமிர்ந்துவிடும். உள்ளே குதிரை மயிர் இருந்தால் ஃபோம் போடுகிறேன் என்று யார் சொன்னாலும் தூக்கிப் போட விடாதீர்கள், அலசிக் காயவைத்துப் பிரித்துவிட்டால் மறுபடி உப்பி எழும். துணி 140 செ.மீ. அகலத்தில் சுமார் 5 மீட்டர் பிடிக்கும், பூ வைத்த துணியென்றால் பூவைப் பொருத்த இன்னும் கூடுதலாக. துணி எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்று காட்டும் மார்ட்டிண்டேல் அளவு 20,000-க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். மர வேலை முடிந்த பிறகே துணி, மெழுகு பட்டால் கறை போகாது.

இந்தக் கதிரைக்கு ஆங்கிலத்தில் லவ் சீட் என்று பெயர். பிரெஞ்சில் 'கோஸுஸ்' என்பார்கள், பேசிக்கொண்டிருப்பவள் என்று பொருள். எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும்.

கேள்வி: சென்னையில் புது லவ் சீட் செய்யக் கொடுக்கிறேன். இந்த வெள்ளை வரி வேலை தேக்கில் வருமா?
- வாசகர், சென்னை

பதில்: வரும், ஓக் அளவுக்குத் தூக்கலாக இருக்காது, அவ்வளவுதான். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் முதலில் தின்னர் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பூச்சு பிடிக்காது. பீச் மரத்தில் துளை மிக நுணுக்கம், வெள்ளை உட்காராது. மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையில் வரியே கிடையாது, அதில் செய்து தருகிறேன் என்று சொன்னால் அது பெரும்பாலும் அச்சடித்த தாளாகத்தான் இருக்கும். இருக்கைக்கு அடியில் வெளியே தெரியாத சட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் செய்து காட்டச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.