நாமக்கல் இடத்தை விடாதீர்கள்

ஐயா, வணக்கம். மகளுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு மூன்றாம் முறை நீட் எழுத வைக்கலாமா, நிலத்தை விற்றாவது நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "மாட்டு டாக்டருக்கா படிக்க வைக்கிறே?" என்று பெரியப்பா கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்பதும் புரிகிறது.

நிலத்தை விற்காதீர்கள். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டணம், விடுதி தனி, முடித்ததும் முதுநிலைக்கு இன்னொரு நுழைவுத்தேர்வு. கேலி பேசுகிறவர் ஒரு தவணைகூடக் கட்டப்போவதில்லை.

கிளினிக், பண்ணை, அரசுப் பணி எல்லாம் உங்களுக்கே தெரியும். உங்கள் கடிதத்தின் கடைசியில் மகள் இரண்டு வரி சேர்த்திருக்கிறாள்: புற்றுநோய் ஆராய்ச்சி பிடிக்கும், இயற்பியலும் பிடிக்கும் என்று. இரண்டும் சேரும் ஓர் இடம் இருக்கிறது: ஆய்வக விலங்குகளுக்கான எம்.ஆர்.ஐ.

ஆண்களுக்கு மட்டும் உள்ள புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றையே எடுத்துக்கொள்வோம். 1995-இல் அமெரிக்காவில் அறிமுகமான 'டிராம்ப்' என்ற மரபணு மாற்றச் சுண்டெலிக்கு (TRAMP என்ற சுருக்கப்பெயர்தான், சிரிக்க வேண்டாம்) வளர வளர புராஸ்டேட்டில் தானாகவே புற்று வரும். தோலுக்கடியில் இருக்கும் கட்டியென்றால் வெர்னியர் அளவுகோலால் அளந்துவிடலாம். இதுவோ சிறுநீர்ப்பைக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஆறு கட்டங்களில் ஐந்தைந்தாகக் கொன்று திறந்து பார்த்தால் 30 எலி போகும். ஸ்கேனில் அதே பத்து எலியை வாரக்கணக்கில் தொடரலாம்.

மருத்துவமனை எம்.ஆர்.ஐ.யில் 1.5 அல்லது 3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தம். எலிக்குப் பெரும்பாலும் 7 அல்லது 9.4. எலியின் எடையோ 25 கிராம்தான். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவை 3–4 சதவீதத்தில் கொடுத்து மயக்கி, பிறகு 1.5–2 சதவீதத்தில் மயக்கத்தைத் தொடர வேண்டும். கீழே வெந்நீர் ஓடும் படுக்கை இல்லாவிட்டால் சில நிமிடங்களில் உடல் குளிரும், மூச்சு தாறுமாறாகும், மூச்சோடு ஒத்திசைத்து எடுக்கும் படம் குழம்பிவிடும். நேரம் போகப் போக சிறுநீர்ப்பை நிரம்பி புராஸ்டேட்டை நகர்த்தும். அதனால் கட்டியின் அளவைக் கணக்கிட உதவும் டி2 படத்தை (நீர் நிறைந்த இடம் வெளிச்சமாகத் தெரியும் எம்.ஆர்.ஐ. வகை) முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது. படத்தில் வேறுபாடு தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் காடோலினியம் மருந்திலும் கணக்கு உண்டு. கிலோவுக்கு 0.1 மில்லிமோல் என்றால் இந்த எலிக்கு 0.5 மோலார் செறிவுள்ள மருந்தில் 5 மைக்ரோலிட்டர்தான் வரும். வாலில் போட்ட குழாயே அதை விழுங்கிவிடும். 20 மடங்கு நீர்க்கச் செய்து 100 மைக்ரோலிட்டராகக் கொடுத்தால்தான் உள்ளே போகும்.

பிறகு ஸ்கேன் படத்தின் ஒவ்வொரு குறுக்குவெட்டுத் துண்டிலும் கட்டியின் ஓரத்தை வரைய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள நான்கு துண்டுகளில் பரப்பு 6, 14, 18, 9 சதுர மில்லிமீட்டர் என்றால் கன அளவு 47 கன மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 47 மில்லிகிராம் வர வேண்டும். ஆய்வு முடிவில் கட்டியை எடுத்துத் தராசில் வைத்தால் 20 மில்லிகிராம்தான் காட்டுகிறது என்றால், பெரும்பாலும் வீங்கிய விந்துப்பையையும் புற்றென்று சேர்த்து வரைந்திருப்போம். இந்த எலிகளில் விந்துப்பை வீங்குவது சகஜம். நீர் நிறைந்து டி2 படத்தில் வெளேரென்று தெரியும், கட்டி அதைவிட மங்கலாக இருக்கும். உடற்கூறு கைவசம் உள்ளவருக்குத்தான் இந்த வேறுபாடு கண்ணில் படும். கால்நடை மருத்துவருக்கு இங்கே மதிப்பு அதனால்தான். விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிலும் அவர் கட்டாயம்.

கால்நடை மருத்துவ இளநிலைப் படிப்பான பி.வி.எஸ்ஸி. ஐந்தரை ஆண்டு, முதுநிலையான எம்.வி.எஸ்ஸி. இரண்டு. பிறகு பிஎச்.டி.க்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. வேலைகள் குறைவு, பல ஒப்பந்த அடிப்படையிலானவை, பெங்களூர், ஹைதராபாத் பக்கம் போக வேண்டியிருக்கும். இதை மறைக்க மாட்டேன். சரிப்படாவிட்டால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் கால்நடை உதவி மருத்துவர் தேர்வு இருக்கிறது.

கல்லூரிக் கட்டணத்தைக் கடைசித் தேதிக்குள் கட்டிவிடுங்கள். அப்புறம் பெரியப்பா இல்லாத நேரமாகப் பார்த்து மகளிடம் ஒன்று கேளுங்கள்: மாதக்கணக்கில் வளர்த்துப் பார்த்த எலியை ஆய்வு முடிவில் தன் கையாலேயே கருணைக்கொலை செய்ய அவளால் முடியுமா? முடியாது என்றால் கிளினிக் பக்கம் போகட்டும், இடம் அதேதான். அவள் சொல்லும் பதிலை நீங்கள் திருத்தாதீர்கள்.