வெறும் நூலகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமீபத்தில் உங்கள் உரை ஒன்றைக் காணொலியில் கேட்டேன். மகான்களைப் பற்றிய கதைகள் எப்படி உருவாகின்றன என்று பேசிக்கொண்டே வந்து, நடுவில் யூதர்களின் பக்தி இயக்கமான ஹசிதியத்தைச் சேர்ந்த யெஹோஷுவா மோன்ட்ஷைன் என்ற வரலாற்றாசிரியரைக் குறிப்பிட்டீர்கள். தேடிப் பார்த்தேன். 1947ல் பிறந்தவர், ஜெருசலேமில் தேசிய நூலகத்தில் வேலை பார்த்தவர், ஹசிதியத்தில் ஹபாத் பிரிவைச் சேர்ந்த பக்தர், 2014ல் மறைந்தார் என்று தெரிந்துகொண்டேன். தன் மரபின் குருமார்களைப் பற்றிய கதைகளை அவரே ஆராய்ந்து, பல கதைகள் அப்படி நடந்திருக்க முடியாது என்று எழுதியிருக்கிறார். ஒரு பக்தரால் இது எப்படி முடியும்? இரட்டை வேடம் இல்லையா? 

இன்னொன்று, கோபிக்க மாட்டீர்களே. அவர் சிந்தனையாளர் அல்ல, வெறும் நூலகர். ஹசிதியத்தைப் பற்றி எழுதிய மார்ட்டின் பூபர், கெர்ஷோம் ஷோலெம் போன்ற யூத அறிஞர்கள் எல்லாம் இருக்கும்போது இவரை ஏன் சொல்லவேண்டும்? ஹசிதியர்களிடையே பெண்களின் நிலை, இஸ்ரேல் அரசியலில் அவர்களுடைய பங்கு பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆவல். ஹசிதியக் கதைகளை எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

நான் நூலகவியல் படித்துவிட்டு ஒரு கல்லூரி நூலகத்தில் ஒப்பந்த ஊழியனாக இருக்கிறேன். பார்கோடு ஒட்டுவதும், பழைய புத்தகங்களின் அட்டையைக் கழித்துவிட்டு பைண்டிங்குக்கு அனுப்புவதும்தான் வேலை. ஆகவே நூலகர் என்றால் என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

கே.

அன்புள்ள கே.,

கோபம்தான். ஆனால் கோபம் மோன்ட்ஷைனுக்காக அல்ல. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், உங்கள் ‘வெறும்’ அவரை ஒன்றும் செய்யாது. நீங்கள் தினமும் காலையில் எழுந்து போய் உட்காரும் நாற்காலியை நீங்களே எட்டி உதைக்கிறீர்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 

உங்கள் கடிதம் வந்தபோது ஒரு பழைய நூலின் மறுபதிப்புக்கு முன்னுரை எழுத உட்கார்ந்திருந்தேன். பதிப்பாளர் அனுப்பிய கோப்பில் முதல் பதிப்பு எந்த ஆண்டு, எந்த அச்சகம் என்று எதுவுமே இல்லை. கேட்டால், கிடைத்த பிரதியில் அட்டையும் முதல் தாளும் இல்லை என்கிறார். யாரோ பைண்டிங்குக்கு அனுப்பும்போது கழித்திருக்கிறார்கள். நீங்கள் செய்யும் அதே வேலை! அந்தக் கடுப்பில் இருந்தவனிடம் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

பெண்கள் நிலை, இஸ்ரேல் அரசியல் இரண்டையும் இலையோரத்தில் ஊறுகாய் வைப்பதுபோல வைத்திருக்கிறீர்கள். அங்கேயே இருக்கட்டும்.

மோன்ட்ஷைன் எதன் நடுவில் வேலை செய்தார் என்பதை முதலில் பாருங்கள். ஹபாத் மரபின் மூலநூல் ‘தான்யா’. எழுதியவர் அந்த மரபைத் தொடங்கிய ஷ்நேயர் சல்மான். ஸ்லாவிட்டா என்ற ஊரில் 1796ல் முதலில் அச்சானது. முதல் பதிப்பின் முகப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் கிடையாது. சில பட்டியல்களில் இதே பதிப்பு 1797 என்று இருக்கும். அச்சில் இருப்பது யூத ஆண்டு 5557. அவர்களுடைய ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. ஆகவே ஒரு யூத ஆண்டு நம் காலண்டரில் இரண்டு ஆண்டுகளின் மேல் கால்வைத்து நிற்கும். கணக்குப் போட்டு 1797 என்று எழுதிவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அச்சு முடிந்தது கிஸ்லேவ் மாதம் என்று நூலிலேயே இருப்பதைப் பார்த்தவருக்குத்தான் அது டிசம்பர் 1796 என்று தெரியும். பார்ப்பது யாருடைய வேலை? 

இது எளிய உதாரணம். ஹீப்ரு நூல்களில் பலவற்றில் ஆண்டை எண்ணாகவே போடமாட்டார்கள். வேதவசனம் ஒன்றை முகப்பில் அச்சிட்டு, அதில் சில எழுத்துகளை மட்டும் பெரிதாக்கியிருப்பார்கள். ஹீப்ரு எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண்மதிப்பு உண்டு. பெரிய எழுத்துகளைக் கூட்டினால் ஆண்டு. அச்சுக்கோப்பவர் தூக்கக் கலக்கத்தில் ஓர் எழுத்தைப் பெரிதாக்கத் தவறினால், அல்லது கூடுதலாக ஒன்றைப் பெரிதாக்கினால், புத்தகம் பல ஆண்டுகள் முன்னே பின்னே போய்விடும். இதாவது தவறு. வேண்டுமென்றே பொய் ஆண்டு போட்டதும் உண்டு. 1836ல் ரஷ்யப் பேரரசு இரண்டைத் தவிர எல்லா ஹீப்ரு அச்சகங்களையும் மூடியது. அதற்குப்பின் அச்சானவற்றில் சில, அதற்கு முன்பே அச்சானவைபோல வேடம் போட்டுக்கொண்டு வெளிவந்தன. சில ஆண்டே இல்லாமல் வந்தன. அப்படி ஒரு நூல் மேசைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? தாளை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி பார்க்கவேண்டும், ரஷ்யத் தாள்களில் ஆண்டே நீர்க்குறியாக இருக்கும். எழுத்துருவின் தேய்மானத்தையும் ஓரத்துப் பூவேலைக் கட்டையில் விழுந்த விரிசலையும் இன்னொரு நூலோடு ஒப்பிடவேண்டும். முன்னால் ஒப்புதல் உரை கொடுத்த ரப்பிகள் (யூத மதகுருமார்கள்) அப்போது உயிரோடு இருந்தார்களா என்று பார்க்கவேண்டும். இதைச் செய்தவர்களைத்தான் நீங்கள் வெறும் என்கிறீர்கள்.

மோன்ட்ஷைன் தான்யாவின் பதிப்புகளுக்கும் ஹபாத்தின் மற்ற நூல்களுக்கும் ‘தோரத் ஹபாத்’ என்ற பெயரில் நூற்பட்டியல்களைத் தொகுத்தார். பட்டியல் என்றால் பெயரும் ஆண்டும் கொண்ட வரிசை அல்ல. எந்தப் பதிப்பில் எது சேர்ந்தது, எது உதிர்ந்தது என்பதன் வரலாறு அது. உங்கள் ‘இரட்டை வேடம்’ கேள்விக்கு இங்கேயே பாதி பதில் இருக்கிறது. தான்யாவின் முன்னுரையில் ஷ்நேயர் சல்மான் தான் ஏன் அச்சுக்குக் கொடுத்தேன் என்று சொல்கிறார். கையெழுத்துப் படிகளாக நூல் ஊர் ஊராகப் பரவியது, படி எடுத்தவர்கள் கையில் பிழைகள் பெருகிவிட்டன, அதனால்தான் அச்சு. பாடம் சரியாக இருக்கவேண்டும் என்று முதலில் கவலைப்பட்டவர் குருவேதான். அந்தக் கவலையைச் சுமப்பவன் குருத்துரோகியா, சீடனா? நீங்களே சொல்லுங்கள்.

கதைகளுக்கு வருவோம். ஹசிதியத்தின் மூலவர் பால் ஷெம் தோவ் 1760ல் மறைந்தார். அவரைப் பற்றிய கதைகள் ‘ஷிவ்ஹே ஹபெஷ்ட்’ என்ற தொகுப்பாக கோபிஸ் ஊரில் அச்சேறியது 5575ல், அதாவது 1814 அல்லது 1815. (எந்த ஆண்டு என்ற சண்டை இங்கும் உண்டு, காரணம் மேலே சொன்னதுதான்.) இடைவெளி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல். தொகுத்தவர் லினித்ஸ் ஊரில் இறைச்சிக்காக விலங்கறுக்கும் சமயப் பொறுப்பில் இருந்த டோவ் பேர். அச்சிட்டவர் இஸ்ரேல் யோஃபே, ஷ்நேயர் சல்மானின் சீடர். அச்சிட்டவர் சும்மா அச்சிடவில்லை. தொடக்கத்துக் கதைகளைத் தன் குருவிடம் கேட்டபடி வேறு வரிசையில் அமைத்ததாக அவரே முன்னால் எழுதி வைத்திருக்கிறார். ஆக, நாம் வாசிக்கும் பால் ஷெம் தோவின் இளமைக்காலம் ஓர் அச்சகத்தில் வரிசைப்படுத்தப்பட்டது. 1982ல் மோன்ட்ஷைன் செய்த காரியம் என்னவென்றால், அதே தொகுப்பின் கையெழுத்துப் பிரதி ஒன்றை அப்படியே நிழற்படப் பதிப்பாக, பாடபேதங்களோடு வெளியிட்டார். அச்சுக்கு முந்தைய கை என்ன எழுதியது என்று எவரும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கருத்துச் சொல்வதற்கு முன்னால் பார்ப்பதற்கு ஒன்றைக் கொடுத்தார் அவர்.

பூபர் இதைச் செய்யவில்லை. பூபர் கதைகளை உருக்கி, தன் அச்சில் வார்த்தார். அழகாகவே வார்த்தார், இளமையில் நானும் அதில் மயங்கிக் கிடந்தவன். ஷோலெம் அவரோடு இதற்காகவே சண்டை பிடித்தார், கதைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஹசிதியத்தின் தத்துவ நூல்களைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று. பின்னர் மோஷே ரோஸ்மான் என்ற வரலாற்றாசிரியர் போலந்து ஆவணங்களில் மெத்ஜிபிஷ் ஊரின் வரிப்பட்டியல்களைத் தோண்டியெடுத்து, பால் ஷெம் தோவ் யூத சமூகத்துக்குச் சொந்தமான வீட்டில் வரிவிலக்கோடு வாழ்ந்த மனிதர் என்று காட்டினார். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த ஏழைத் தனியன் கதை ஆட்டம் கண்டது. இவர்கள் பெரியவர்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வெளியாள் வரிப்பட்டியலைக் காட்டினால் பக்தன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடலாம். அதே தொழுகைக்கூடத்தில் பக்கத்தில் நின்று பிரார்த்திப்பவர் ‘இந்தக் கதை இன்னொரு ரெப்பேயைப் (ஹசிதிய குருவை ரெப்பே என்பார்கள்) பற்றி முன்பே அச்சில் வந்திருக்கிறது, பார்’ என்று பக்க எண்ணோடு காட்டினால் எங்கே போவது? மோன்ட்ஷைன் கதைகள் கைமாறி உருமாறும் விதத்தைப் பற்றித் தொடராகவே எழுதினார், அதுவும் ஹபாத் மக்களே வாசிக்கும் இடத்தில். கல்வித்துறைப் பாராட்டுக்காக எழுதியவர் அந்த இடத்தைத் தேர்ந்திருக்க மாட்டார்.

அதற்காக அவரை எல்லாத் தரப்புக்கும் பொதுவான நீதிபதி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஹபாத்தின் மனிதர், அதை மறைத்துக்கொண்டதும் இல்லை. ஷ்நேயர் சல்மான் 1798ல் கைதாகி பீட்டர்ஸ்பர்க் கொண்டுபோகப்பட்டதும் விடுதலையானதும் ஹபாத்துக்கு இன்றும் பெருவிழா. அந்தச் சிறைவாசத்தைச் சுற்றி அற்புதங்கள் மண்டிக்கிடக்கின்றன. ஜார் மன்னன் மாறுவேடத்தில் அறைக்கு வந்தான் என்பதுவரை. சோவியத் ஒன்றியம் உடைந்து ரஷ்ய ஆவணங்கள் திறந்தபோது விசாரணைக் காகிதங்கள் வெளியே வந்தன. யாரோ பெயரெழுதிப் போட்ட புகார், துருக்கிய சுல்தானின் நாட்டுக்குப் பணம் அனுப்பினாயா என்ற குற்றச்சாட்டு, குருவே ஹீப்ருவில் எழுதிக்கொடுத்த பதில்கள். மோன்ட்ஷைன் தன் ‘கேரெம் ஹபாத்’ இதழிலும், கடைசிக் காலத்தில் இந்தக் கைதைப் பற்றித் தனி நூலாகவும் இவற்றை வெளியிட்டார். எனக்கு அந்த விசாரணைத் தாள்களில் தெரியும் மனிதர்தான் பெரியவராகப் படுகிறார். சந்தேகத்தோடு பார்க்கும் அதிகாரிகளுக்குக் கடவுளைப் பற்றியும் பிரார்த்தனையைப் பற்றியும் வரிவரியாக விளக்கம் எழுதிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மாறுவேட மன்னன் இங்கே எதற்கு?

பட்டியலுக்கும் நூலகருக்கும் அந்த இயக்கத்தில் என்ன இடம் என்று தெரிந்தால் நீங்கள் அந்தச் சொல்லை எழுதியிருக்க மாட்டீர்கள். ஆறாவது ரெப்பே யோசெஃப் இட்ஸ்ஹாக், தன் முன்னோர் சேர்த்த நூலகத்தை ரஷ்யப் புரட்சியில் பறிகொடுத்தவர். அது அரசுடைமையாகி மாஸ்கோவில் இருக்கிறது, சுமார் 12,000 நூல்கள். அதை மீட்க அமெரிக்க நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. ரெப்பே ஓய்ந்து உட்காரவில்லை. லெனின்கிராடில் இருந்தபோது ஷ்முவேல் வீனர் என்ற நூற்பட்டியலாளரின் சேகரிப்பை வாங்கி இரண்டாவது நூலகத்தை எழுப்பினார். உடன் இருந்தவர் செயலாளரும் நூலகருமான ஹயிம் லீபர்மான். நூலியல் கட்டுரைகளை மூன்று தொகுதிகளாக எழுதியவர், இவரும் உங்கள் கணக்கில் வெறும்தான். போலந்து வழியாக அந்த நூல்கள் நியூயார்க் வந்து சேர்ந்தன.

ரெப்பே 1950ல் மறைந்தார். 1985ல் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் இருந்த அந்த நூலகத்திலிருந்து நூற்றுக்கணக்கான நூல்கள் காணாமல் போகத் தொடங்கின. எடுத்தவர் அவருடைய பேரன். தாத்தாவின் சொத்து, எனக்கும் பங்குண்டு என்றார், சிலவற்றை விற்றும்விட்டார். வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. நூலகம் ஒரு மனிதருடையதா, ஒரு சமூகத்துடையதா? இதுதான் கேள்வி. ரெப்பேயின் மகள் ஹாயா முஷ்கா வாக்குமூலம் கொடுத்தார். நூல்கள் ஹசிதியர்களுக்குச் சொந்தம், ஏனென்றால் என் தந்தையே அவர்களுக்குச் சொந்தம் என்ற பொருளில் சொன்னார். 1946ல் ரெப்பே அலெக்சாண்டர் மார்க்ஸ் என்ற அறிஞருக்கு எழுதிய கடிதம் ஒன்றும் முக்கியச் சான்றானது. அலெக்சாண்டர் மார்க்ஸும் யார் என்கிறீர்கள்? நியூயார்க் யூத இறையியல் கல்லூரியின் நூலகர். 1987 ஜனவரி 6 அன்று நீதிபதி சார்ல்ஸ் சிஃப்டன் இயக்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஹபாத்தில் இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள், புத்தகம் வாங்குகிறார்கள். ஒரு நூலகத்துக்குச் சாதகமான தீர்ப்பைத் திருநாளாக்கிக்கொண்ட வேறு சமூகம் எனக்குத் தெரியாது.

என் ஊர்க் கிளை நூலகத்தில் ஒருவர் இருந்தார். நான் பள்ளிக்கூடத்துப் பையன். கையில் எடுத்த நாவலைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது சுருக்கின பதிப்பு. முழுசு மேல் தட்டில பின்வரிசையில இருக்கு, ஏணியை எடுத்துக்க” என்றார். அவ்வளவுதான் அவர் என்னிடம் பேசியது. அவர் என்ன சம்பளத்தில் இருந்தார், நிரந்தரமா என்றெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. உங்களுக்குச் சம்பளம் குறைவு என்பதும், அந்தக் கல்லூரி உங்களை மதிக்கவில்லை என்பதும் கடிதத்தில் நீங்கள் எழுதாமலே புரிகிறது. அது அநியாயம். அந்த அநியாயத்தை உங்கள் தொழிலின் மேல் ஏற்றாதீர்கள்.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ‘ஷிவ்ஹே ஹபெஷ்ட்’டுக்கு டான் பென்-ஆமோஸ், ஜெரோம் மின்ட்ஸ் இருவரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1970ல் வந்தது. அதையே எடுங்கள், பூபர் அப்புறம். நேரே கதைக்குத் தாவாமல், அச்சிட்டவரும் தொகுத்தவரும் முன்னால் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் ஒன்று. பைண்டிங்குக்கு அனுப்பும் புத்தகங்களின் அட்டையைக் கழிக்காதீர்கள். உள்ளேயே சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள், பைண்டருக்கு ஒரு தாள் கூடுதல், அவ்வளவுதான். மேலே இருப்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கழிப்பதற்கு முன் அட்டையில் இருப்பதை, விலை உட்பட, கடைசி வெள்ளைத்தாளில் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம்.