ஆலூர் வெங்கடராவ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். மகன் ஏழாம் வகுப்பு. கர்நாடக மாநில நாளான ராஜ்யோத்சவத்துக்கு, கன்னடப் பகுதிகளை ஒரே மாநிலமாக்கப் பாடுபட்ட எழுத்தாளர் ஆலூர் வெங்கடராவைப் பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். ‘கர்நாடக குலபுரோகிதர்’ என்கிறார்கள். தேடிப் படித்தேன். பழம்பெருமை பேசி மொழிவெறியைத் தொடங்கிவைத்தவர் என்றுதான் தோன்றியது. இன்று கொடி கட்டிய வண்டியில் வந்து கடைப் பலகைகளைப் பார்த்து மிரட்டுகிறவர்களுக்கு இவர்தானே மூலவர்? பையனிடம் என்ன சொல்வது?

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாக ஆலூரைத்தான் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததில் மகிழ்ச்சி. படித்து முடித்ததும் கோபம். ‘தேடிப் படித்தேன்’ என்பது கைப்பேசியில் இரண்டு நிமிடம் என்று ஊகிக்கிறேன்.

மிரட்டுகிறவர்களை விடுங்கள், அவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 1964-இல் இறந்தவரை அதற்காகக் கூண்டில் ஏற்ற வேண்டாம். பழம்பெருமை பேசினாரா? பேசினார். கர்நாடகத்தின் பழைய மகிமையைச் சொல்லும் அவருடைய ‘கர்நாடக கத வைபவ’ நூல் முழுக்கச் சாளுக்கியரும் ராஷ்டிரகூடரும் விஜயநகரமும்தான். சரி, யாருக்காக எழுதினார் என்று பார்த்தீர்களா? அன்று வடக்கே ஆலூர் வாழ்ந்த தார்வாட் பம்பாய் மாகாணத்தில், குல்பர்கா நிஜாமிடம், பல்லாரியும் மங்களூரும் நம் சென்னை மாகாணத்தில், குடகு தனியாக. மைசூர்க்காரர்களுக்கு மட்டும் கன்னடத்தில் பேச ஒரு மகாராஜா இருந்தார். ஒன்றாகச் சேர வேண்டும் என்ற தவிப்பு மைசூரைவிட தார்வாடில்தான் அதிகம் என்பதில் ஆச்சரியம் என்ன? வடக்கோடு சேர்ந்தால் செலவு தங்கள் தலையில் விழும், செல்வாக்கு கைமாறும் என்று கடைசிவரை முனகியவர்கள் பழைய மைசூரில்தான் இருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தார்வாட் பக்கத்துக் கன்னடப் பிள்ளைகள் பலர் மராத்தியில்தான் படித்தார்கள். கல்வி அதிகாரியாக இருந்த டெபுடி சென்னபசப்பா போன்றவர்கள் முட்டிமோதித்தான் கன்னடப் பள்ளிகள் வந்தன. அந்த மண்ணில் வளர்ந்த ஆலூருக்கு மராத்தி மேல் வெறுப்பு வந்திருக்கலாம். வரவில்லை. பூனாவில் ஃபெர்குசன் கல்லூரியில் படித்தார், திலகரின் சீடரானார். மராத்தியில் திலகர் எழுதிய ‘கீதா ரகசிய’த்தைக் கன்னடத்துக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். யாரிடமிருந்து பிரிந்து வர வேண்டுமோ அவர்களின் ஆகப் பெரிய நூலை உட்கார்ந்து வரிவரியாக மொழிபெயர்த்திருக்கிறார் ஐயா. வெறியன் செய்கிற வேலையா இது? மொழிபெயர்ப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? மாதக்கணக்கில் இன்னொருவன் மூச்சை நாம் விட வேண்டும். பேந்த்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மொழி மராத்தி, கன்னடத்தின் மகாகவி. அவரும் தார்வாட்தான்.

தார்வாடில் நண்பரின் வீட்டில் தங்கியிருக்கிறேன். நண்பரின் அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. விடியற்காலையில் துளசிமாடத்துக்குத் தண்ணீர் ஊற்றியபடி துகாராமின் அபங்கம், மராத்தி பக்திப்பாட்டு, பாடுவார். அப்புறம் திண்ணைக்கு வந்து கன்னடப் பேப்பரை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படிப்பார், ரயில்வே டெண்டர் விளம்பரம் உட்பட. பெல்காம் எல்லைத் தகராறு பற்றிச் செய்தி வந்த அன்று மகாராஷ்டிரத்தை அவர் திட்டிய திட்டு இருக்கிறதே! மறுநாள் காலை அதே அபங்கம். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. நான் கேட்டபோது, ‘பாட்டு என்ன தப்பு செய்தது?’ என்றார்.

ஆலூரின் ‘கர்நாடகத்வம்’ அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் புரியும். கன்னடனாக இருப்பது இந்தியனாக இருப்பதற்கு எதிரானதில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியவர் அவர். 1924-இல் காந்தி தலைமையில் பெல்காமில் காங்கிரஸ் கூடியபோது அங்கேயே கன்னடப் பகுதிகளின் ஒருங்கிணைப்பு மாநாடும் நடந்தது. ஒன்றுக்கு ஒன்று இடைஞ்சலாக யாரும் நினைக்கவில்லை.

1956 நவம்பர் 1-இல் மாநிலம் அமைந்தது. ஆலூருக்கு எழுபத்தாறு வயது. பெயர் மட்டும் ‘மைசூர்’ என்றே இருந்தது. அதைக் ‘கர்நாடகம்’ என்று மாற்றியது 1973-இல், அவர் போய் ஒன்பது வருடம் கழித்து. உங்கள் பையன் கட்டுரையில் இந்த இரண்டு வருடங்களையும் தப்பில்லாமல் எழுதச் சொல்லுங்கள், ஆசிரியர்களே குழப்புகிறார்கள். பதினெட்டு வருடம் அந்த ஊரில் இருந்துவிட்டீர்கள், பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆலூரைக் கன்னடத்திலேயே எழுத்துக்கூட்டிப் படியுங்கள். தெரியாத இடத்தில் அவன் சொல்லித் தருவான்.