பார்வையாளரை வகுப்பது யார்? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: வயது, பாலினம், வருமானம், தொழில் என்று பார்வையாளரைப் பிரித்துப் பார்க்க எங்கள் வகுப்பில் கற்றுத் தருகிறார்கள். இந்தப் பிரிவுகள் சமூகத்தில் உண்மையிலேயே இருப்பவையா, அல்லது வசதிக்காக வகுத்துக் கொண்டவையா? (இதழியல் மாணவி ஒருவர்)

பதில்: பெரும்பாலும் வசதிக்காக வகுத்துக் கொண்டவைதாம். யாருடைய வசதி என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பாடம் முழுமை பெறும். அமெரிக்கத் தொலைக்காட்சி உலகில் நெடுங்காலம் பெருமதிப்புடன் இருந்த '18 முதல் 49 வயது' என்ற பிரிவை எடுத்துக் கொள்ளுங்கள். கல்லூரியில் காலடி வைக்கும் பதினெட்டு வயதுக்காரருக்கும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் நாற்பத்தொன்பது வயதுக்காரருக்கும் ரசனையில் என்ன ஒற்றுமை இருக்க முடியும்? விளம்பரதாரர் அடைய விரும்பும் வயதினர் இருவரும் என்பதே அவர்களை ஒரே பெட்டியில் அடைத்த காரணம்.

பிரிட்டனில் ஏ, பி, சி1, சி2, டி, இ என்று ஆறு படிநிலைகளாக மக்களைப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. அதில் குடும்பத் தலைவரின் தொழிலை வைத்தே வீட்டின் படிநிலை தீர்மானிக்கப்பட்டது. பின்னாளில் குடும்பத் தலைவரின் இடத்தில் அதிகம் சம்பாதிப்பவர் வைக்கப்பட்டார். கணவர் இயந்திரத் தொழிலாளி, மனைவி பகுதிநேர நூலகர், மகள் சட்டம் படிக்கிறாள் என்று ஒரு வீடு இருந்தால், படிவத்தில் மூவருக்கும் ஒரே எழுத்துதான் விழும். மூவரும் ஒரே செய்தித்தாளை மூன்று விதமாகப் படிப்பார்கள் என்பதைப் பதிவு செய்ய அந்தப் படிவத்தில் இடமில்லை.

வணிக ஊடகம் விற்பது நிகழ்ச்சியை அன்று, பார்வையாளரையே அது விளம்பரதாரருக்கு விற்கிறது என்று கனடிய அறிஞர் டல்லஸ் ஸ்மைத் 1977இல் வாதிட்டார். வகைப்பாடுகள் ஏன் விலைப்பட்டியலைப் போல் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. ஆனாலும் இது முழு விளக்கமாகாது. விளம்பரமே ஒலிபரப்பாத பி.பி.சி. வானொலியும் 1936இல் நேயர் ஆய்வைத் தொடங்கியது. நாம் வானொலிக்கு 'நேயர்', இதழுக்கு 'வாசகர்', நடிகருக்கு 'ரசிகர்' என்று தனித்தனிச் சொற்களை வைத்திருப்பதும் ஒரு வகைப்பாடே. 'நேயர்' என்ற சொல்லில் இருக்கும் நேசம் 'நுகர்வோர்' என்ற சொல்லில் இல்லை.

கேள்வி: 1938இல் செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியைத் தாக்குவதாக வானொலி நாடகம் ஒலிபரப்பானதும் அமெரிக்காவே அலறி ஓடியது என்று படித்தேன். ஊடகம் நினைத்தால் மக்களை ஆட்டிவைக்கலாம் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா? (ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: வேண்டும். அந்தச் சான்று எப்படித் திரட்டப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ் அந்த நாடகத்தை 1938 அக்டோபர் 30 அன்று இரவு, இடையில் குறுக்கிடும் செய்தி அறிவிப்புகளின் பாணியில் வழங்கினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் அதன் தாக்கத்தை ஆராய்ந்து 1940இல் நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ அறுபது லட்சம் பேர் கேட்டார்கள், அவர்களில் குறைந்தது பத்து லட்சம் பேர் அஞ்சினார்கள் என்பது அவரது மதிப்பீடு. அந்த மதிப்பீட்டையே ஏற்றுக்கொண்டாலும், அஞ்சியவர்களைவிட அஞ்சாதவர்கள் பல மடங்கு அதிகம் என்று ஆகிறது. மேலும், அவர் விரிவாக நேர்காணல் செய்த 135 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோர், அன்றிரவு கலங்கிப் போனவர்கள் என்று முன்பே தெரிந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களை வைத்து அச்சம் எப்படி வேலை செய்கிறது என்று அறியலாமே தவிர, நாடே அஞ்சியது என்று சொல்ல முடியாது.

அச்சம் வேலை செய்த விதத்தைப் பற்றி அந்த நேர்காணல்கள் சொல்வது இன்றும் படிக்கத் தக்கது. ஒருவர் சன்னல் வழியே பார்க்கிறார், தெருவெல்லாம் கார்கள், மக்கள் தப்பி ஓடுகிறார்கள் என்று முடிவு செய்கிறார். இன்னொருவர் பார்க்கிறார், ஒரு காரும் வரவில்லை, சாலைகள் அழிந்ததால் போக்குவரத்து நின்றுவிட்டது என்று முடிவு செய்கிறார். வேறொருவருக்கு எல்லாம் வழக்கம்போலவே தெரிகிறது. ஆபத்து நம் பகுதிக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று எண்ணிக் கொள்கிறார். மற்ற நிலையத்தைத் திருப்பிப் பார்த்தோ, செய்தித்தாளில் வந்த நிகழ்ச்சி நிரலைப் புரட்டியோ அது நாடகம் என்று கண்டுகொண்டவர்களும் இருந்தார்கள். வானொலி எல்லோருக்கும் ஒன்றையேதான் சொன்னது. சன்னலுக்கு வெளியே தெரிந்ததற்கு ஆளுக்கொரு பொருளைக் கொடுத்தவர்கள் கேட்டவர்கள்.

இரண்டே ஆண்டுகளில், 1940 அதிபர் தேர்தலை ஒட்டி, சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவரது குழுவினரும் ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 600 பேரை மே மாதம் முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேள்வி கேட்டார்கள். பிரச்சாரம் வாக்குகளைப் புரட்டிப் போடுவதைக் காணலாம் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, கட்சி மாறியவர்கள் மிகச் சிலராகவே இருந்தார்கள். பிரச்சாரத்தை அதிகமாகப் படித்தவர்களும் கேட்டவர்களும் ஏற்கெனவே முடிவெடுத்து விட்டவர்கள். முடிவெடுக்காதவர்களோ அதைக் காதிலேயே போட்டுக் கொள்ளவில்லை. அவர்களிடம் கருத்தைக் கொண்டு சேர்த்தவர்கள் பெரும்பாலும் உடன் பழகும் மனிதர்கள். ஊடகத்திலிருந்து கருத்து வழிகாட்டிகளுக்கும், அவர்களிடமிருந்து மற்றவர்களுக்கும் செல்லும் 'இரு படி ஓட்டம்' என்ற கருத்து இங்கிருந்துதான் பிறந்தது.

கேள்வி: நான் விளம்பரங்களுக்கு மயங்குவதில்லை. ஆனால் என்னைச் சுற்றியுள்ளவர்கள் எளிதாக ஏமாறுகிறார்கள். ஏன் இப்படி? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: அவர்களைக் கேட்டால் உங்களைப் பற்றி அதையேதான் சொல்வார்கள். தன்னைவிடப் பிறரையே ஊடகம் அதிகம் பாதிக்கிறது என்று மனிதர்கள் எண்ணும் இந்தப் போக்குக்கு, 1983இல் டேவிசன் என்ற சமூகவியலாளர் 'மூன்றாம் நபர் விளைவு' என்று பெயரிட்டார். தணிக்கை வேண்டும் என்று குரல் கொடுப்பவர்களில் பலர், தம்மைக் காப்பாற்றச் சொல்லி அதைக் கேட்பதில்லை.

கேள்வி: ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள் ஒரே செய்தியை ஒரே விதமாகத்தானே புரிந்து கொள்வார்கள்? (தொழிற்சங்க உறுப்பினர் ஒருவர்)

பதில்: பிரிட்டிஷ் ஊடக ஆய்வாளர் டேவிட் மோர்லியும் ஏறத்தாழ அப்படி எதிர்பார்த்துத்தான் தொடங்கினார். பார்வையாளர் ஒரு செய்தியைச் சொன்னபடியே ஏற்கலாம், பேரம் பேசிப் பாதி ஏற்கலாம், எதிர்த்தும் வாசிக்கலாம் என்று பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் வகுத்த மூன்று நிலைகளை அவர் சோதிக்க விரும்பினார். பி.பி.சி.யின் மாலை நேர நிகழ்ச்சி ஒன்றின் பதிவை வங்கி மேலாளர்கள், தொழில் பழகுநர்கள், தொழிற்சங்கப் பொறுப்பாளர்கள், மாணவர்கள் என 29 குழுக்களுக்குக் காட்டி, அவர்கள் பேசியதைப் பதிவு செய்து 1980இல் வெளியிட்டார். தொழில் பழகுநர்கள் வர்க்கத்தால் தொழிற்சங்கத்தாருக்கு நெருக்கமானவர்கள். நிகழ்ச்சியை வாசித்த விதத்திலோ வங்கி மேலாளர்களுக்கு அருகில் நின்றார்கள். கறுப்பின மாணவர் குழு எதிர்த்துப் பேசவும் இல்லை. நிகழ்ச்சியே தங்களுக்குச் சம்பந்தமற்றது என்று ஒதுங்கிக் கொண்டது. 'பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா' என்று மட்டும் கேட்கும் படிவத்தில் இந்த ஒதுக்கம் 'கருத்து இல்லை' என்ற கட்டத்துக்குள் காணாமற் போயிருக்கும். எனவே வர்க்கம் பொருட்படுத்த வேண்டியதே, ஆனால் அது மட்டும் போதாது. சங்கத்தில் சேர்ந்து விவாதித்துப் பழகியவரா என்பதும் உங்கள் வாசிப்பை மாற்றுகிறது.

கேள்வி: டி.ஆர்.பி. கணக்கை நம்பலாமா? கைபேசி வந்த பிறகு அந்தக் கணக்குத் துல்லியமாகி விட்டதல்லவா? (தொலைக்காட்சித் தொடர்களின் நேயர்)

பதில்: மாதிரி சரியாக எடுக்கப்பட்டிருந்தால், சில ஆயிரம் வீடுகளிலிருந்து பெரிய எண்ணிக்கையை மதிப்பிடுவதில் தவறில்லை. சிக்கல் எதை 'பார்த்தல்' என்கிறோம் என்பதில் இருக்கிறது. முற்காலத்தில் குடும்பத்தினர் பார்த்ததை நாட்குறிப்பில் எழுதி அனுப்பினார்கள். வார முடிவில் நினைவிலிருந்து நிரப்பியவர்கள், பெயர் தெரிந்த நிகழ்ச்சிகளையே எழுதியிருப்பார்கள் என்ற ஐயம் எப்போதும் இருந்தது. பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் கொண்ட மீட்டர் வந்தது. பார்வையாளர் எண்ணிக்கையைக் கணக்கிடும் நீல்சன் நிறுவனம் 1987இல் அமெரிக்காவில் அதற்கு மாறியது. பொத்தானை அழுத்திவிட்டு ஒருவர் அடுக்களைக்குப் போனால், மீட்டரைப் பொறுத்தவரை அவர் இன்னும் சோபாவில்தான் இருக்கிறார்.

கைபேசி உங்களிடம் வயதும் தொழிலும் கேட்க வேண்டியதில்லை. எதில் விரல் நின்றது, எதைப் பாதியில் தள்ளினீர்கள் என்பதிலிருந்தே உங்களைப் போன்றவர்கள் என்று அது கருதுவோரோடு உங்களைச் சேர்த்து விடுகிறது. அந்தக் கூட்டத்துக்குப் பெயரும் இல்லை, அதில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது. பழைய பிரிவுகளையாவது 'நான் சி2 அல்லன்' என்று மறுக்க முடிந்தது. துல்லியம் என்கிறீர்களே, ஒரே கைபேசியைப் பாட்டியும் பேரனும் மாறி மாறிப் பயன்படுத்தும் வீட்டில், பழைய பாடல்களும் கார்ப் பந்தயமும் ஒருசேரப் பிடித்த ஒற்றை மனிதர் ஒருவர் அந்தக் கணக்கில் வாழ்ந்து கொண்டிருக்கிறார்.