பேக்கப் மென்பொருள் நிறுவுவது எப்படி? விண்டோஸ், மேக், லினக்ஸ் வாசகர் கேள்விகளும் பதில்களும்

பேக்கப் மென்பொருள் நிறுவுவது பற்றிச் சில வாரங்களாக வந்த கேள்விகளில் எட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவற்றில் பிரச்சினை ஒன்றுதான். மென்பொருள் சரியாக நிறுவப்பட்டிருக்கிறது, 'முடிந்தது' என்று செய்தியும் வருகிறது, ஆனால் வேண்டிய ஃபைல் பேக்கப்பில் இல்லை. அதனால் எந்த மென்பொருளை நிறுவினாலும் அன்றைக்கே ஒரு ஃபைலை அதிலிருந்து மீட்டு, திறந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கடைக் கணக்கு முழுவதும் விண்டோஸ் 11 லேப்டாப்பில் டேலியில் இருக்கிறது. 'உங்கள் ஃபைல்கள் பேக்கப் ஆகிவிட்டன' என்று ஒன்டிரைவ் காட்டுகிறது. தனியாக இன்னொரு மென்பொருள் தேவையா?

கட்டாயம் தேவை. மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் கவனிப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் ஆகிய ஃபோல்டர்களை மட்டும்தான். டேலி பிரைம் தன் டேட்டாவைப் பொதுவாக சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் 'பப்ளிக்' என்பதன் கீழ் வைக்கும். ஒன்டிரைவ் அந்தப் பக்கமே போகாது. இலவசமாகக் கிடைக்கும் இடமும் 5 ஜிபிதான். இதைவிட முக்கியம், அது ஒத்திசைவு. இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். ரீசைக்கிள் பின்னில் 30 நாள் கிடக்கும், அப்புறம் போய்விடும்.

வீம் ஏஜென்ட் என்ற பேக்கப் மென்பொருளின் இலவசப் பதிப்பை நிறுவுங்கள். முழுக் கணினியையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுக்கும்படி அமையுங்கள். மீட்பு மீடியா உருவாக்கவா என்று அது கேட்கும்போது 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிடாமல், ஒரு பென் டிரைவில் உருவாக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸே கிளம்பாமல் போனால் அந்தப் பென் டிரைவிலிருந்துதான் கணினியை இயக்க வேண்டும். லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணை வெளியே எங்காவது எழுதி வையுங்கள்.

டேலிக்கு ஒரு வேலை தனியாக உண்டு. நாள் முடிவில் ஆல்ட்டையும் ஒய்யையும் சேர்த்து அழுத்தினால் டேட்டா மெனு வரும். அதில் பேக்கப் இருக்கிறது. அதையும் செய்யுங்கள். பேக்கப் முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே இருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும் நாளில் கணக்கோடு பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்படும்.

கேள்வி: மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பை நண்பர் பென் டிரைவில் கொடுத்தார். நிறுவலாமா?

வேண்டாம். அந்த இலவசப் பதிப்பை நிறுவனமே நிறுத்திவிட்டது. 2024 தொடக்கத்தோடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. கிராக் செய்த கட்டண மென்பொருளுக்கும் இதே பதில்தான். உங்கள் கணினியில் இருக்கும் எல்லா ஃபைலையும் படிக்கும் அனுமதி பேக்கப் மென்பொருளுக்குப் போகிறது. அதை யார் செய்தது என்று தெரியாமல் உள்ளே விடக்கூடாது.

கேள்வி: புதிதாக வாங்கிய மேக்புக்கில் டைம் மெஷினை அமைக்கப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கை முழுவதுமாக அழிக்க வேண்டும் என்கிறது. அதில் பழைய விண்டோஸ் கணினியின் குடும்பப் படங்கள் இருக்கின்றன.

நல்ல வேளை, 'சரி' என்று அழுத்திவிடவில்லை. பழைய டிஸ்க் விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். வடிவத்தில் இருக்கும். மேக் அதைப் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. மேக்கோடு வரும் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்குத் தன் வடிவத்தில் இடம் வேண்டும், அதனால்தான் அழிக்கக் கேட்கிறது. முதலில் படங்களை வேறிடத்துக்கு நகலெடுத்து, ஒன்றிரண்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஒரே டிஸ்க்கில் இரண்டையும் வைத்தே ஆக வேண்டும் என்றால், டிஸ்க் யூட்டிலிட்டியில் அதை மேக்கின் ஏ.பி.எஃப்.எஸ். வடிவமாக்கி, இரண்டு வால்யூம்கள் (பகுதிகள்) உருவாக்கி, டைம் மெஷின் வால்யூமுக்கு உச்சவரம்பு வையுங்கள். வரம்பு இல்லாவிட்டால் டிஸ்க் நிரம்பும்வரை அது எடுத்துக்கொண்டே போகும். ஆனால் அதன்பிறகு அந்த டிஸ்க்கை விண்டோஸ் படிக்காது. என்னைக் கேட்டால் தனி டிஸ்க் வாங்குவதே நல்லது. மேக்கின் கொள்ளளவைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்கட்டும் என்பது ஆப்பிளின் பரிந்துரை.

கேள்வி: மேக்கில் வேறொரு பேக்கப் செயலி நிறுவினேன். பிழை எதுவும் காட்டவில்லை, ஆனால் மெயில் ஃபோல்டர் காலியாக இருக்கிறது.

அனுமதிப் பிரச்சினை. 2018இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து, நீங்கள் கைப்பட அனுமதி கொடுத்தால்தான் ஒரு செயலி மெயில், மெசேஜஸ் போன்றவற்றைத் தொட முடியும். சிஸ்டம் செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் ஃபுல் டிஸ்க் அக்சஸ் என்பதைத் திறந்து, அந்தச் செயலியை இயக்குங்கள். பிறகு செயலியை முழுதாக மூடித் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய நிலையிலேயே ஓடும்.

கேள்வி: லினக்ஸ் மின்ட்டில் டைம்ஷிஃப்ட் இருக்கிறது. என் ஆய்வேட்டுக்கு அது போதுமா? வெளி ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கவும் விடமாட்டேன் என்கிறது.

போதாது. டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தை. ஒரு அப்டேட் கெடுத்துவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். உங்கள் ஹோம் ஃபோல்டரை அது இயல்பாகவே விலக்கி வைத்திருக்கும், ஆய்வேடு அதற்குள்தான் இருக்கிறது. ஆய்வேட்டுக்கு டேஜா டூப் என்ற பேக்கப் மென்பொருளை நிறுவுங்கள், மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கும். அதிலும் ஒன்று பார்க்க வேண்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அது தானாக ஒதுக்கிவிடும். இறக்கிய கட்டுரைகளை எல்லாம் அங்கேயே விட்டு வைத்திருந்தால், விலக்கல் பட்டியலிலிருந்து அதை நீக்குங்கள்.

உங்கள் வெளி டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். ஆக இருக்கும். டைம்ஷிஃப்ட்டுக்கு லினக்ஸ் வடிவப் பகுதி வேண்டும். ஃபைல்களின் உரிமையாளர் விவரத்தை அது அப்படியே வைக்க வேண்டும், மாறாத ஃபைல்களை மறுபடி நகலெடுக்காமல் ஹார்ட் லிங்க்காகப் பகிர வேண்டும். டேஜா டூப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை, இருக்கும் டிஸ்க்கிலேயே எழுதும். டைம்ஷிஃப்ட்டை உள் டிஸ்க்கிலேயே விட்டுவிடலாம். அது அப்டேட் கோளாறுக்கு, டேஜா டூப் டிஸ்க் கோளாறுக்கு.

கேள்வி: டிடிபி மையம் நடத்துகிறேன். பேஜ்மேக்கர் வேலைகள் விண்டோஸ் 7இல் இருக்கின்றன. புதிய மென்பொருள் எதுவும் நிறுவ முடியவில்லை.

விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்துவிட்டது, புதிய மென்பொருள்கள் பலவும் அதை ஏற்காது. புதிதாக எதுவும் வேண்டாம். கண்ட்ரோல் பேனலில் உள்ள பேக்கப் அண்ட் ரீஸ்டோரே போதும். வெளி டிஸ்க்கில் சிஸ்டம் இமேஜ், அதாவது முழுக் கணினியின் நகல், எடுத்துவிடுங்கள். முடிந்தால் அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காமல் வையுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது எழுத்துருக்களைப் பற்றி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைலுக்குள் தமிழ் இல்லை, ஆங்கில எழுத்துக் குறிகள்தான் இருக்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன் என்றுதான் பதிவாகியிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே தெரியும். எழுத்துருக்கள் இருப்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸில். வேலை ஃபோல்டரை மட்டும் பேக்கப் எடுத்தால் அவை வராது. அந்த ஃபான்ட்ஸ் முழுவதையும் வெளி டிஸ்க்கில் தனி ஃபோல்டராக நகலெடுங்கள். பேஜ்மேக்கரையும் தமிழ் விசைப்பலகை மென்பொருளையும் நிறுவப் பயன்படுத்திய சிடி இருந்தால் அதையும் நகலெடுங்கள். இருபது வருட அழைப்பிதழ்களும் மலர்களும் இந்தச் சின்ன ஃபைல்களை நம்பித்தான் இருக்கின்றன.

கேள்வி: பழைய மேக்கிலிருந்து உபுண்டுவுக்கு பேக்கப் எடுத்தேன். 'கோயில்' என்ற ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் தெரிகின்றன. நீளமான தமிழ்ப் பெயருள்ள சில ஃபைல்கள் வரவே இல்லை.

தமிழில் பெயர் வைப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. 'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றே சேர்ந்தும் இருக்கலாம். ககரம், இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரிந்தும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய மேக்கின் ஹெச்.எஃப்.எஸ். பிளஸ் வடிவம் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. உபுண்டுவில் நீங்கள் தட்டும் பெயர் பொதுவாகச் சேர்ந்த வடிவில் இருக்கும். உபுண்டுவின் டிஸ்க் வடிவமான இ.எக்ஸ்.டி.4 பைட் பைட்டாக ஒப்பிடுவதால் இரண்டும் வேறு என்று எடுத்துக்கொள்கிறது.

எதையும் அழிக்க வேண்டாம், இரண்டுக்குள்ளும் வேறு வேறு படங்கள் இருக்கலாம். உபுண்டுவில் கான்வ்எம்வி என்ற சிறு கருவியை நிறுவி, என்.எஃப்.சி. எனப்படும் சேர்ந்த வடிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். என்னென்ன பெயர் மாறும் என்று முதலில் பட்டியல்தான் காட்டும், நீங்கள் தனியாகச் சொன்னால்தான் மாற்றும். அந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படித்து, இரட்டையாக உள்ளவற்றைக் கையால் ஒன்றாக்குங்கள்.

வராமல் போனவற்றுக்குக் காரணம் நீளம். இ.எக்ஸ்.டி.4இல் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனிக் குறிகள். ஆக, 85 குறிகளோடு பெயர் முடிந்துவிடுகிறது. மேக்கும் விண்டோஸும் கணக்கிடுவது வேறு முறையில், அங்கே இதைவிட நீளமான பெயர் தாராளமாக நிற்கும். பேக்கப் பதிவேட்டில் 'பெயர் மிக நீளம்' என்ற பிழையைத் தேடி, அந்தப் பெயர்களை மேக்கிலேயே சுருக்கிவிட்டு மறுபடி எடுங்கள்.

கேள்வி: சிறிய அலுவலகம். விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றும் இருக்கின்றன. மூன்றிலும் ஓடும் ஒரே இலவச மென்பொருள் உண்டா?

கோப்பியா. மூன்றுக்கும் திரை வடிவிலேயே நிறுவி உண்டு, கட்டளைகள் தட்ட வேண்டியதில்லை. மூன்று கணினிகளும் ஒரே சேமிப்பிடத்தைப் பயன்படுத்தலாம், ஒரே ஃபைல் மூன்றிலும் இருந்தால் ஒருமுறைதான் சேமிக்கும். ரெஸ்டிக்கும் நல்ல மென்பொருள்தான், கட்டளை வரியில் பழக்கம் வேண்டும். போர்க் என்ற இன்னொரு மென்பொருள் விண்டோஸில் நேரடியாக ஓடாது.

இது ஆவணங்களுக்கு மட்டும். இயங்குதளம் கெட்டால் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, மேலே சொன்ன வீம், டைம் மெஷின், டைம்ஷிஃப்ட் அந்தந்தக் கணினியில் இருக்கட்டும். மேக்கில் ஃபுல் டிஸ்க் அக்சஸ் கொடுக்க மறக்காதீர்கள். கோப்பியா எல்லாவற்றையும் குறியாக்கம் செய்தே சேமிக்கும். பாஸ்வேர்ட் தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. அதைத் தாளில் எழுதி அலுவலகத்தில் ஒன்றும் பொறுப்பானவர் வீட்டில் ஒன்றும் வையுங்கள்.