அங்கே பிறந்த குழந்தைக்கு மலேரியா எதிர்ப்பு தானாக வந்துவிடுமா?

கணவரின் பல்கலைக்கழகப் பணி காரணமாக இரண்டு ஆண்டுகளாகக் கானா நாட்டின் கேப் கோஸ்ட் நகரில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “மகனுக்கு நான்கு வயது. இங்கு வந்தபின் இரண்டு முறை மலேரியா வந்து குணமானது. மகள் இங்கேயே பிறந்தவள். மூன்று மாதம் ஆகிறது. ‘பிறந்த பிள்ளையை ஆறு மாதம் வரை இந்தக் காய்ச்சல் அண்டாது, பெரியவனுக்கும் உடம்பு பழகிவிட்டது’ என்கிறார் வீட்டு உரிமையாளரான உள்ளூர்ப் பாட்டி. மகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்கிறது சுகாதார நிலையம். முழுப் பாதுகாப்புத் தராத ஊசி எதற்கு என்று கணவர் தயங்குகிறார். விடுமுறைக்குத் திருநெல்வேலி வருகிறோம். என்ன செய்வது?”

பாட்டி சொல்வது பொய்யல்ல. அவருடைய பேரப்பிள்ளைகளைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை. உங்கள் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது என்பதுதான் சிக்கல். மலேரியாவுக்கு எதிரான ஆற்றல் பிறந்த மண்ணிலிருந்து வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் தொற்றிய கிருமியை உடல் எதிர்த்து நின்றதன் விளைவாகவே அது சேர்கிறது.

கைக்குழந்தையிலிருந்து தொடங்குகிறேன். மலேரியா மிகுந்த ஊரில் வளர்ந்து தாயான பெண்ணின் ரத்தத்தில் அந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடிகள், அதாவது நோயை எதிர்க்கும் புரதங்கள், நிறைந்திருக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அவை நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குச் செல்கின்றன. பிறந்த சில மாதங்கள் வரை சிசுவின் ரத்தத்தில் இருக்கும் கருக்கால ஹீமோகுளோபினும் கிருமி பெருகுவதை ஓரளவு தடுக்கிறது. ஆறு மாத வாக்கில் இந்த இரண்டும் தேய்ந்துவிடுகின்றன. உங்கள் மகளுக்கு இரண்டாவது மட்டுமே உண்டு. இரண்டே ஆண்டுகள் அங்கு வாழ்ந்த உங்களிடம் அவளுக்குக் கொடுக்கும் அளவுக்கு ஆன்டிபாடிகள் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை. எனவே ஆறு மாதம் வரை கவலையில்லை என்று எண்ணிக் கொசுவலையைத் தளர்த்த வேண்டாம். அவளுக்கு இன்றிலிருந்தே அது தேவை.

மேற்கு ஆப்பிரிக்கக் கடலோர மாவட்ட மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவில் பணியாற்றிய காலத்தில் ஒரே காலையில் பார்த்த இரண்டு ரத்தத் தடவல்களை (நுண்ணோக்கியில் பார்க்கக் கண்ணாடித் துண்டில் தடவிய ரத்தத் துளிகளை) நான் மறக்கவில்லை. கால்பந்து ஆடிக் கையை முறித்துக்கொண்டு வந்திருந்த ஒன்பது வயதுச் சிறுவனின் தடவலில், ஊதா நிறக் கல் பதித்த மோதிரங்களைப் போல, மலேரியாவின் கொடிய வகையான பால்சிபாரம் கிருமிகள் ஆங்காங்கே தெரிந்தன. அவனுக்கோ காய்ச்சல் துளியும் இல்லை, கட்டு எப்போது பிரிப்பீர்கள் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த கட்டிலில் ஒன்றரை வயதுக் குழந்தை. உள்ளங்கை ரேகைகூடச் சிவப்பில்லாமல் வெளுத்து, மூச்சு இளைத்து, ரத்தம் ஏற்றக் காத்திருந்தது. தாக்கியிருந்தது அதே கிருமிதான். அந்தச் சிறுவன் ஐந்து வயதுக்குள் எத்தனை முறை இப்படிப் படுத்து எழுந்திருப்பான் என்பதை அவனுடைய தாயார்தான் அறிவார். உடம்பு பழகிவிட்டது என்று நாம் சொல்லும்போது, பழகுவதற்குள் இறந்துபோன குழந்தைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023-ஆம் ஆண்டு மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 5,97,000 பேர். அவர்களில் 95 விழுக்காட்டினர் ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அப்பகுதியில் இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் ஐந்து வயது நிரம்பாதவர்கள்.

பழகுவதற்கு இத்தனை காலம் ஆவது ஏன்? ஒருமுறை தட்டம்மை வந்தால் வாழ்நாள் முழுதும் மறுபடி வராது, மலேரியா அப்படியல்ல. கிருமி குடியேறிய சிவப்பணுவின் மேற்பரப்பில் அது ஒரு புரதத்தை நீட்டி வைக்கிறது. அதன் உதவியால்தான் அந்த அணு ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு மூளை முதலிய உறுப்புகளைப் பாதிக்கிறது. அந்தப் புரதத்துக்கு ஏறத்தாழ 60 மரபணு வடிவங்கள் ஒவ்வொரு கிருமியிடமும் உள்ளன. உடல் ஒன்றை அடையாளம் கண்டு ஆன்டிபாடி செய்து முடிப்பதற்குள் கிருமி வேறொன்றுக்கு மாறிவிடும். போதாக்குறைக்கு ஒரு கிருமிக் கூட்டத்தின் 60 வடிவங்களும் இன்னொரு கூட்டத்தின் 60 வடிவங்களும் ஒன்றல்ல. ஆகவே சில தொற்றுகளுக்குப் பிறகு உயிருக்கு ஆபத்தான நிலை குறைகிறது, பல ஆண்டுகளுக்குப் பிறகு காய்ச்சல் குறைகிறது. தொற்றே வராத நிலையை மட்டும் பெரியவர்கள்கூட எட்டுவதில்லை. இரண்டு முறை காய்ச்சல் கண்ட உங்கள் மகன் இந்த நீண்ட வரிசையின் தொடக்கத்தில்தான் நிற்கிறான். அவனுக்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு. (உள்ளூர்ப் பிள்ளைகளில் சிலருக்கு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும், சிவப்பணுவின் ஹீமோகுளோபினை மாற்றும் அரிவாளணு மரபணுவும் துணை நிற்கிறது. 1954-இல் ஆலிசன் என்ற மருத்துவர் சுட்டிக்காட்டிய இந்தப் பாதுகாப்பு பரம்பரையாக வருவது. ஓர் ஊரில் வசிப்பதால் கிடைப்பதல்ல.)

உள்ளூர்ப் பெரியவர்களின் ரத்தத்தில் உள்ள அந்த ஆற்றல் மெய்யானது என்பதை 1961-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காம்பியா நாட்டில் கோஹனும் மெக்கிரெகரும் அவர்களுடைய குழுவினரும், பெரியவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகளை மலேரியாவால் அவதிப்பட்ட குழந்தைகளுக்குச் செலுத்தியபோது, சில நாட்களிலேயே கிருமிகள் வெகுவாகக் குறைந்தன. தடுப்பூசி சாத்தியம் என்ற நம்பிக்கைக்கு அது பெரும் வலு சேர்த்தது. ஆயினும் இன்று கிடைக்கும் ஊசிகள் அந்த இயற்கை எதிர்ப்பாற்றலைப் பின்பற்றுபவை அல்ல. உங்கள் கணவரின் ஐயத்துக்கான விடை இங்கேதான் இருக்கிறது. இயற்கையான ஆற்றல் கிருமி ரத்தத்தில் பெருகத் தொடங்கிய பிறகு சண்டையிடுகிறது. தடுப்பூசியோ, கொசு கடித்தவுடன் தோலிலிருந்து கல்லீரலை நோக்கி ஓடும் கிருமியின் மேலுறைப் புரதத்தைக் குறிவைத்து, அது கல்லீரலுக்குள் நுழையும் முன்பே மறிக்கிறது. அந்த ஓட்டத்துக்கு ஆவது மிகக் குறுகிய நேரமே. தப்பித்து நுழையும் ஒரே ஒரு கிருமிகூட ஒரு வாரத்தில் பல்லாயிரமாகப் பெருகி ரத்தத்துக்கு வந்துவிடும். முழுப் பாதுகாப்புக் கிடைக்காததற்கும், ஆன்டிபாடி அளவு மங்க மங்கப் பாதுகாப்பும் குறைவதற்கும், நான்காவது தவணை தேவைப்படுவதற்கும் இதுவே காரணம்.

முதலில் வந்த ஆர்.டி.எஸ்.எஸ். ஊசியை நான்கு தவணை போட்டுக்கொண்ட, 5 முதல் 17 மாத வயதில் தொடங்கிய குழந்தைகளிடம் நான்கு ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் 36 விழுக்காடு குறைந்தது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரே குழந்தைக்கு ஆண்டுக்குப் பலமுறை மலேரியா வரும் இடத்தில் அதன் பொருள் பெரிது. 2019-இல் கானா, கென்யா, மலாவி நாடுகளில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில், ஊசிக்குரிய வயதுக் குழந்தைகளின் மரணம் 13 விழுக்காடு குறைந்ததாகக் கண்டறிந்தார்கள். ஆக்ஸ்போர்டில் உருவாகி நம் புனே சீரம் நிறுவனத்தில் தயாராகும் ஆர்-21 ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2023 அக்டோபரில் பரிந்துரைத்தது. மழைக்காலத்தில் மலேரியா பரவும் இடங்களில் நடந்த சோதனையில் அது முதல் ஆண்டில் 75 விழுக்காடு பலன் தந்தது. இரண்டில் எது கிடைத்தாலும் ஏற்றதே.

ஆகவே உங்கள் மகளுக்கு ஐந்து மாதம் ஆனதிலிருந்து சுகாதார நிலையம் சொல்லும் அட்டவணைப்படி தயங்காமல் போடுங்கள். தாயின் ஆன்டிபாடி துணையில்லாத அவளுக்கு இது கூடுதலாகவே தேவை. ஊசி போட்ட அன்றோ மறுநாளோ காய்ச்சல் வரலாம், மிக அரிதாக அதனுடன் வலிப்பும் வரலாம் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பயணத்தின் தேதி தவணையோடு மோதினால், டிக்கெட் எடுக்கும் முன்பே செவிலியரிடம் பேசிவிடுங்கள். இந்தியாவின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இந்த ஊசி இல்லை. நான்கு வயது மகனுக்கு இந்தத் திட்டத்தின் வயது வரம்பு கடந்துவிட்டது. அவனுக்கு மருந்து தோய்த்த கொசுவலை, மாலையில் முழுக்கைச் சட்டை, எடைக்கு ஏற்ற தடுப்பு மாத்திரை வேண்டுமா என்ற மருத்துவரின் முடிவு, காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை ஆகியவைதான் வழி. எதையும் குடிக்க மறுத்தல், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல், வலிப்பு, அசாதாரணத் தூக்கம், மூச்சிரைப்பு, உள்ளங்கை வெளுத்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மலேரியாவுக்குச் சிகிச்சை முடிந்தபின் சில வாரங்கள் வரை விரைவுச் சோதனை அட்டையில் கோடு தெரியக்கூடும். அந்த இடைவெளியில் மறுபடி காய்ச்சல் வந்தால் தடவல் பார்க்கச் சொல்லுங்கள்.

திருநெல்வேலிக்கு வந்தபின் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், முதல் வாக்கியமாகவே “கானாவிலிருந்து வந்திருக்கிறோம், மலேரியா சோதனை வேண்டும்” என்று சொல்லுங்கள். வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்று இரண்டு நாள் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கும் அவகாசம் பால்சிபாரம் தராது. வைவாக்ஸ் என்னும் மற்றொரு வகை மலேரியாவுக்கு இங்கே வழக்கமாகக் கொடுக்கும் குளோரோகுயின் ஆப்பிரிக்கப் பால்சிபாரத்துக்கு உதவாது. ஆர்ட்டெமிசினின் கூட்டு மருந்து வேண்டும். இந்த விழிப்பு ஊர் வந்து ஓரிரு வாரத்தோடு முடிந்துவிடக்கூடாது, குறைந்தது மூன்று மாதமாவது நீடிக்க வேண்டும்.